தோட்டத்துக் கேபினில் எலிப்பொறி: சில வருஷம் பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டவை

தாண்டிக்குடிப் பக்கம் காப்பித் தோட்டத்துக்குள் பலகையும் தகரமுமாக ஒரே அறை. சமையல், படுக்கை, அரிசி மூட்டை எல்லாம் அதற்குள்தான். இந்த மாதிரி இடத்துக்கு மூடிய பெட்டிக்குள் வைக்கும் ஸ்பிரிங் பொறிதான் சரி. சில வருஷமாக வேறு எதுவும் நான் வைப்பதில்லை.

எலிமருந்து வேண்டவே வேண்டாம். 2024 நவம்பரில் குன்றத்தூரில், வீட்டுக்குள் எலிமருந்து வைத்திருந்த நிலையில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள், அதற்கு மேல் என்ன சொல்ல? டியூபில் பசை மாதிரி வரும் மஞ்சள் பாஸ்பரஸ் கல்லீரலையே அழித்துவிடும், மாற்று மருந்தும் கிடையாது.

ஒட்டும் அட்டையும் எனக்குப் பிடிக்காது. எலியைவிடப் பல்லிதான் அதிகம் மாட்டும், சில சமயம் எலியைத் தேடி வரும் பாம்பும். ஒட்டிய பல்லியை விடுவிக்கச் சமையல் எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியால் மெதுவாக நெம்ப வேண்டும், பாவமாக இருக்கும்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பழைய பலகைப் பெட்டியின் இரண்டு முனையிலும் எலி நுழையும் அளவுக்கு ஓட்டை, மூடிக்குக் கொக்கி, பொறியின் கம்பி தட்டாமல் சுழலும் உயரம், அவ்வளவுதான். ஓட்டையிலிருந்து ஒரு முழம் தள்ளி உள்ளே பொறி இருந்தால் குழந்தை கையோ நாய் மூக்கோ எட்டாது. எலி சுவரோரமாகவே ஓடும், அதனால் பெட்டியையும் சுவரை ஒட்டியே வையுங்கள். பெரிய எலிக்குப் புதுப் பொருள் என்றால் சந்தேகம்; மூன்று நாலு ராத்திரி ஸ்பிரிங்கை ஏற்றாமல் இரை மட்டும் வைத்து, அது தின்று பழகிய பிறகு ஏற்றுங்கள். கருவாடு வைத்தால் மூஞ்சூறும் வந்து மாட்டுகிறது. கரப்பான் பூச்சியைத் தின்கிற பிராணியை எதற்குக் கொல்ல வேண்டும், அதனால் நான் சுட்ட தேங்காய்ச் சில்லை நூலால் இறுக்கிக் கட்டுகிறேன். இரையை முதலில் கட்டிவிட்டு அப்புறம்தான் ஸ்பிரிங்கை ஏற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் விரல் போகும்.

காலையில் முதல் வேலை பெட்டியைப் பார்ப்பது. கையுறை போட்டுச் செத்த எலியை ஆழமாகப் புதைத்துவிடுங்கள். எலி மூத்திரத்தால் எலிக்காய்ச்சல் வரும் என்பதால் புழுக்கையை விளக்குமாற்றால் பெருக்கிப் புழுதி கிளப்பாமல், ஜன்னலைத் திறந்து, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஊறிய பிறகு ஈரத்துணியால் துடையுங்கள். காலில் புண் இருந்தால் செருப்பில்லாமல் நடக்காதீர்கள்.

சுண்டெலி 6 மில்லிமீட்டர் இடுக்கிலேயே நுழைந்துவிடும். கேஸ் டியூப் போகிற ஓட்டையைக் கம்பி நாரும் சிமெண்டும் வைத்து அடைத்ததும் பொறிக்கு வேலையே பாதியாகிவிட்டது. வாரக்கணக்கில் பூட்டிவிட்டுப் போகும்போது ஸ்பிரிங்கைத் தளர்த்தி, அரிசியைத் தகர டின்னில் போட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன்.