டர்பன்ல ஸ்பீட் கேமரா ஃபைனுக்கு லெட்டர் எழுதித் தர்ற கடை: 5க்கு 4

தென்னாப்பிரிக்கா டர்பன்ல, நம்ம இந்திய ஆளுங்க நிறைய இருக்கிற சாட்ஸ்வர்த் ஏரியாவுல ஒரு ஜெராக்ஸ் கடை. வெளிய பார்த்தா லேமினேஷன், பாஸ்போர்ட் போட்டோ, ஏர்டைம் (போன் ரீசார்ஜ்) அவ்ளோதான். உள்ள மூலையில ஒரு மேசை போட்டு ஆன்ட்டி ஒருத்தங்க உக்காந்து டிராஃபிக் ஃபைனுக்கு ரெப்ரசெண்டேஷன், அதாவது ஃபைன வாபஸ் வாங்குங்க இல்ல குறைங்கன்னு கேக்கிற லெட்டர், எழுதித் தர்றாங்க. கடை பேர் போட மாட்டேன், அவங்களே வேணாம்னுட்டாங்க, இப்பவே கூட்டம் தாங்கலையாம்.

முதல்ல எனக்கு வந்த பிரச்சனைய சொல்லிடுறேன். நான் திருநெல்வேலி, இங்க வந்து நாலு வருஷம், வெள்ளை கலர் போலோ விவோ, அதாவது டர்பன்ல பத்து காருக்கு ஒண்ணு இருக்கிற வண்டி. இந்த வருஷம் ஒரே வாரத்துல ரெண்டு கேமரா நோட்டீஸ் வந்துச்சு. ஒண்ணு 60 கி.மீ. லிமிட் இருக்கிற ரோட்டுல 79ல போனேன்னு 400 ராண்ட். இன்னொண்ணு 80 ரோட்டுல 104, 750 ராண்ட். ரெண்டாவத பார்த்ததும் பக்குன்னு ஆயிடுச்சு, ஏன்னா அது குட் ஃப்ரைடே அன்னைக்கு, காலையில 11 மணிக்குன்னு போட்டிருக்கு. இங்க இருக்கிறவங்களுக்கு தெரியும், குட் ஃப்ரைடேன்னா மாரியம்மன் கோயில் திருவிழா, நாங்க குடும்பத்தோட காலையில 7 மணிக்கே இசிபிங்கோ கோயில்ல, வண்டி பக்கத்து மைதானத்துல நூறு வண்டிக்கு நடுவுல மாட்டிக்கிட்டு நிக்குது, நினைச்சாலும் வெளிய எடுத்திருக்க முடியாது.

ஆன்ட்டிகிட்ட நேரா போகல, அதுக்கு முன்னாடி ஒரு முட்டாள்தனம் பண்ணேன். ஆன்லைன்ல விளம்பரம் பார்த்து ஒரு கம்பெனிக்கு ஒரு ஃபைனுக்கு 180 ராண்ட்னு ரெண்டுக்கும் 360 கட்டினேன். அழகான வெப்சைட், சட்ட நிபுணர் குழுன்னு எல்லாம் போட்டிருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு, என்ன எழுதி அனுப்பினீங்க காப்பி குடுங்கன்னு நாலு தடவை மெயில் போட்டப்புறம் அனுப்பினாங்க பாருங்க, ரெண்டுக்கும் ஒரே பாரா. "குடும்ப கஷ்டம், தயவு செஞ்சு குறைச்சுக் குடுங்க." என் வண்டியே இல்லாத ஃபைனுக்கு நானே குறைச்சுக் கேட்டிருக்கேன்! கேட்டா இதான் ப்ராசஸ்னு பதில். காசு திரும்ப வரல.

இசிபிங்கோ கோயில்ல பழக்கமான ஒரு அண்ணன்தான் ஆன்ட்டி கடைக்கு கூட்டிட்டுப் போனாரு. ஆன்ட்டியோட கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு மெட்ராஸ்ல இருந்து கப்பல்ல வந்தவராம், தமிழ் அவங்களுக்கு "வா", "உக்காரு", "சாப்டியா" மூணும் சுத்தமா வரும், மீதி எல்லாம் டர்பன் இங்கிலீஷ். மேசை மேல முருகர் படம், ஸ்டாம்ப் பேட், பிளாஸ்டர் சுத்தின ஒரு பூதக்கண்ணாடி.

அந்த கண்ணாடிக்குத்தான் நான் காசு குடுத்தேன்னு சொல்லலாம். நான் போனதுமே போன எடுத்து கோயில் போட்டோவ காட்டி, பாருங்க டைம் பாருங்கன்னு ஆரம்பிச்சேன். அவங்க அத தொடக்கூட இல்ல. "நீ கோயில்ல இருக்கலாம் மை பாய், உன் வண்டிய வேற ஆள் ஓட்டிருக்கலாம்ல?" சரிதானே. இங்க சட்டம் அப்படித்தான், வண்டி யார் பேர்ல இருக்கோ அவர்தான் ஓட்டினார்னு எடுத்துக்கும், நேஷனல் ரோட் டிராஃபிக் ஆக்ட் 73வது பிரிவு, இல்லைன்னா இல்லைன்னு நாமதான் காட்டணும். நோட்டீஸ்ல இருக்கிற போட்டோ தபால்தலை சைஸ், கறுப்பா இருக்கு. ஆன்லைன்ல பெரிய போட்டோ இருக்கும், அத எடுத்துட்டு வான்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அங்கேயும் ஒரு இழுபறி, பாஸ்போர்ட் நம்பர் போட்டா ஒண்ணுமே வரல, நம்மள மாதிரி வெளிநாட்டு ஆளுங்க வண்டி வாங்கறப்போ குடுக்கிற டிராஃபிக் ரெஜிஸ்டர் நம்பர் இருக்குல்ல, அத போட்டப்புறம்தான் ஃபைன் லிஸ்டே காட்டுச்சு. அந்த நம்பர எங்கயாவது எழுதி வச்சுக்கோங்க.

மறுநாள் பெரிய பிரிண்ட்டோட போனேன். கண்ணாடிய வச்சு ஒரு அஞ்சு நிமிஷம் ஒண்ணும் பேசல. அப்புறம் என் பக்கம் திருப்பி வச்சு பென்சில் முனையால காட்டினாங்க. போட்டோல இருக்கிற நம்பர் பிளேட்டோட கடைசி நம்பர் என்னோடது மாதிரி 8 இல்ல, 3. பிளேட்ட மாட்டின ஸ்க்ரூ கறுப்பா 3க்கு இடது பக்கத்துல இருக்கு, தூரத்துல இருந்து பார்த்தா ரெண்டும் சேர்ந்து 8 மாதிரி தெரியுது. அதோட பம்பருக்கு கீழ உருண்டையா ஒண்ணு, டோ-பார், அதாவது பின்னாடி ட்ரெய்லர் மாட்டி இழுக்கிறது. என் வண்டில டோ-பாரே கிடையாது. நானும் இந்த போட்டோவ இருபது தடவையாவது பார்த்திருப்பேன், ரோட்டையும் வேகத்தையும் டைமையும்தான் பார்த்தேனே தவிர காரோட பின்பக்கத்த ஒழுங்கா பார்க்கவே இல்ல.

அப்புறம் வேலை சுலபம். வெளிய நிறுத்தியிருந்த என் வண்டியோட பின்பக்கத்த அவங்களே வந்து அதே கோணத்துல போட்டோ எடுத்தாங்க. வண்டி ரெஜிஸ்ட்ரேஷன் காப்பி, லைசென்ஸ் காப்பி, ஒரு அஃபிடவிட். அஃபிடவிட்ட பக்கத்து போலீஸ் ஸ்டேஷன்ல குடுத்தா கமிஷனர் ஆஃப் ஓத்ஸ் ஸ்டாம்ப் (நாம சத்தியம் பண்ணி கையெழுத்துப் போட்டதுக்கு அத்தாட்சி) அடிச்சுத் தருவாங்க, அதுக்கு காசு கிடையாது, யாராவது கேட்டா குடுக்காதீங்க. லெட்டர் ஒரே பக்கம், கெஞ்சல் எதுவும் இல்ல. இந்த நம்பர் என்னோடது இல்ல, படத்துல இருக்கிறது என் வண்டி இல்ல, ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கேன், ஃபைன வாபஸ் வாங்குங்க. முன்னாடி போன அந்த குறைப்பு லெட்டர் என்னைக் கேக்காம எழுதினதுன்னு ஒரு வரி சேர்த்தாங்க. கோயில் போட்டோவ கடைசியில நாலாவது பக்கமா வச்சாங்க, "ப்ராசிக்யூட்டரும் இந்தியனா இருந்தா சந்தோஷப்படுவான்"னு சிரிச்சுக்கிட்டே.

79 கேஸ எடுத்தப்போ ஒரே நிமிஷம்தான். "இது உன் வண்டியா? நீதான் ஓட்டினியா?" ஆமாம்னேன். வாட்ஸ்அப்ல ஒரு நண்பர் கேமரா வேகத்த சரியா அளக்குதுன்னு காட்டுற கேலிப்ரேஷன் சர்டிஃபிகேட் கேளு, பயந்து விட்டுடுவாங்கன்னு சொன்னத சொன்னேன். அது கோர்ட்டுக்குப் போய் நின்னு வாதாடுறவனுக்கு, 400 ராண்டுக்கு ஒரு நாள் லீவு போட்டு போறியான்னு கேட்டாங்க. போகல. குறைக்கச் சொல்லி எழுதினாங்க, 250 ஆச்சு, செக்கர்ஸ் சூப்பர்மார்க்கெட் கவுண்டர்ல பால் வாங்கறப்போ கட்டிட்டேன். நோட்டீஸ்ல 30 நாள்னு போட்டிருக்கும், தூக்கிப் போட்டா அடுத்தது சம்மன், சம்மன வாங்கிட்டு கோர்ட்டுக்குப் போகலன்னா வாரண்ட், அப்புறம் ஏதாவது ரோட் பிளாக்ல குடும்பத்தோட நிக்கணும்.

750 ஃபைன் ஆறு வாரம் கழிச்சு வாபஸ். ஒரு வரி லெட்டர்தான், அத ஃபிரிட்ஜ்ல காந்தம் வச்சு ஒட்டியிருக்கா என் மனைவி.

ஆன்ட்டி வாங்கினது வாபஸ் கேஸுக்கு 250 ராண்ட், குறைப்பு கேஸுக்கு 100. உண்மைய சொல்லணும்னா இத நாமளே பண்ணலாம், லெட்டருக்கு வக்கீல் தேவையில்ல, டிராஃபிக் ஆபீஸ்ல நேர்ல குடுத்து காப்பில சீல் வாங்கினா போதும். அவங்களே அத முதல்ல சொல்லிட்டுத்தான் காசு வாங்கினாங்க. ஆனா அந்த 3ஐ நான் கண்டுபிடிச்சிருக்க மாட்டேன். ஜோபர்க், பிரிட்டோரியா ஆளுங்க இவங்ககிட்ட வராதீங்க, அங்க ஆர்டோன்னு (AARTO) தனி டிராஃபிக் ஃபைன் சட்டம், 32 நாளுக்குள்ள கட்டினா பாதி தள்ளுபடி, எதிர்த்து எழுதணும்னா ஆர்டோ 08னு தனி ஃபார்ம், அது இவங்க எடுக்கிறதில்ல.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, போன் எடுக்கவே மாட்டாங்க, வாட்ஸ்அப்ல கேட்டா மூணு நிமிஷ வாய்ஸ் நோட் வரும், அதுல ரெண்டு நிமிஷம் கடையில வேற யாரோடயோ பேசுறது. அப்பாயின்ட்மென்ட் கிடையாது, நான் முதல் நாள் ஒன்றரை மணி நேரம் நின்னேன், நல்லவேளை எதிர்ல பன்னி சௌ (பிரெட்ட குடைஞ்சு உள்ள கறிக்குழம்பு ஊத்தித் தர்றது) கடை இருந்துச்சு. கார்டு மெஷின் இருக்கு ஆனா "இன்னைக்கு வேலை செய்யல", ரெண்டு தடவையும் அதே பதில்தான், கேஷ் எடுத்துட்டுப் போங்க. சனிக்கிழமை 1 மணிக்கு மூடிடுவாங்க. நோட்டீஸ ஒரிஜினலா கொண்டு போங்க, போன் ஸ்கிரீன்ஷாட்ட காட்டினா கண்ணாடிய எடுத்து டிராயர்ல வச்சுடுவாங்க.