ட்ரான்சாக்ஷன் எல்லாவற்றுக்கும், ட்ரிகர் அளவோடு: ஒரு மீன் கொள்வனவுக் கணக்கில் பல வருடப் பாவனை

திருகோணமலையில் மீன் வாங்கி, ஐஸ் போட்டு, கொழும்புக்கு லொறி ஏற்றும் ஒரு இடத்தின் கணக்கு மென்பொருளைப் பல வருடமாகப் பராமரித்து வருகிறேன். முதலில் இருந்தது மைஎஸ்க்யூஎல், பிறகு இன்னொரு கிளைக்காக போஸ்ட்கிரெஸ், இரண்டும் டேட்டாபேஸ் மென்பொருள்கள். இரண்டிலும் ட்ரிகரும் ட்ரான்சாக்ஷனும் நிறையவே பாவித்தாயிற்று. ட்ரான்சாக்ஷன் என்றால் பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டி, எல்லாம் நடக்கவேண்டும் அல்லது எதுவுமே நடக்கக்கூடாது என்று வைப்பது. ட்ரிகர் என்றால் ஒரு டேபிளில் வரி மாறும்போது டேட்டாபேஸ் தானாக ஓட்டும் நிரல். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். காசையோ கையிருப்பையோ தொடும் எந்த வேலையும் ட்ரான்சாக்ஷன் இல்லாமல் ஓடக்கூடாது, இதில் பேச்சுக்கே இடமில்லை. ட்ரிகரைச் சாட்சியாக வைக்கலாம், கணக்கப்பிள்ளையாக வைக்கக்கூடாது.

ஏன் என்று கேட்டால், தராசடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவேண்டும். விடியப்புறம் படகுகள் கரைக்கு வந்ததும் பெட்டி பெட்டியாக மீன் தராசில் ஏறும். பாரை இத்தனை கிலோ, இன்றைய விலை இவ்வளவு என்று கொள்வனவு டேபிளில் ஒரு வரி விழுகிறது. கையிருப்பு டேபிளில் பாரை கூடுகிறது. சம்மாட்டிக்கு (படகுச் சொந்தக்காரருக்கு) ஏற்கனவே கொடுத்த முற்பணத்தில் ஒரு பங்கு கழிகிறது, அவர் கடனுக்கு எடுத்த மண்ணெண்ணெய், ஐஸ் பாக்கியும் கழிகிறது, மிச்சத்தைக் கையில் கொடுத்தால் காசுப் புத்தகத்தில் இன்னொரு வரி. ஆக, ஒரு துண்டு (பில்) எழுத ஐந்து இடத்தில் எழுதவேண்டியிருக்கிறது. மூன்று எழுதி இரண்டு எழுதாமல் நின்றுபோனால் மீன் கையிருப்பில் இருக்கும், கடன் மட்டும் கழியாமல் கிடக்கும். மனுசன் கடலில் கிடந்து உழைத்துக் கொடுத்த மீனுக்கு நம் திரை "இன்னும் பாக்கி இருக்கு" என்று சொல்லும். அதை விட மோசமான பிழை இந்தத் தொழிலில் எனக்குத் தெரியாது.

ஐந்தையும் ஒன்றாகக் கட்டிவிட்டு, எல்லாம் நடந்தால் கமிட் (நிரந்தரமாக்கு), ஒன்று பிசகினாலும் ரோல்பேக் (எல்லாவற்றையும் பழையபடி திருப்பு). அவ்வளவுதான் விஷயம். இந்த எண்ணத்துக்கு உறுதியான வடிவம் கொடுத்தவர்களில் முதன்மையானவர் கணினி விஞ்ஞானி ஜிம் கிரே, அதற்காக 1998இல் கணினித் துறையின் உயர்ந்த விருதான டூரிங் விருது கிடைத்தது. அவர் 2007 ஜனவரியில் தனியாகப் பாய்மரப் படகில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கடலுக்குப் போய்த் திரும்பவேயில்லை என்று படித்தபோது, கடற்கரையில் இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் அவருடைய யோசனையை ஓட்டிக்கொண்டிருக்கும் எனக்கு மனம் கனத்துப் போனது.

சரி, 2022க்கு வருவோம். அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள், யூபிஎஸ் பற்றரி எல்லாம் செத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு முன்னால் இந்த மென்பொருளை எழுதியவர் ட்ரான்சாக்ஷன் போட்டுத்தான் எழுதியிருந்தார், கோடைப் பார்த்தால் தொடக்கம், கமிட், ரோல்பேக் எல்லாம் ஒழுங்காக இருக்கும். ஆனாலும் கரண்ட் போய் வந்த பிறகு அரைகுறைத் துண்டுகள் இருந்தன. காரணம், பழைய டேபிள்கள் மைஐசாம் என்ற எஞ்சினில் (மைஎஸ்க்யூஎலுக்குள் டேபிளை வட்டில் எழுதி வைக்கும் பகுதி) இருந்தன. மைஐசாமுக்கு ட்ரான்சாக்ஷன் கிடையாது, அதோடு அதை வெளியே சொல்லவும் மாட்டாது. தொடங்கு என்றால் பேசாமல் கேட்டுக்கொள்ளும், ஒவ்வொரு வரியையும் அந்தந்த நேரத்திலேயே எழுதிவிடும், ரோல்பேக் சொன்னால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடும். மைஎஸ்க்யூஎல் 5.5இலிருந்து ட்ரான்சாக்ஷன் தெரிந்த இன்னோடிபிதான் இயல்பான எஞ்சின், ஆனால் பதிப்பை ஏற்றினால் பழைய டேபிள்கள் தாமாக மாறிவிடாது. பழைய மென்பொருள் ஒன்று கைக்கு வந்தால் எல்லா டேபிளின் எஞ்சினையும் முதல் நாளே பாருங்கள்.

இன்னோடிபிக்கு மாற்றிய பிறகும் கரண்ட் போனது, இயந்திரம் நின்றது, ஆனால் திரும்ப ஓடும்போது முடியாத ட்ரான்சாக்ஷன்களை அதுவே அழித்துவிட்டு, முடிந்தவற்றை மட்டும் வைத்துக்கொண்டது. ஒரு எச்சரிக்கை: கமிட் ஆகும்போது லாக் கோப்பை (மாற்றங்களின் பதிவை) வட்டில் எப்படி எழுதுவது என்பதற்கு ஒரு செட்டிங் இருக்கிறது, இயல்பில் அதன் மதிப்பு 1. வேகம் வேண்டும் என்றால் 2 ஆக்கு என்று பலர் சொல்வார்கள். 2 ஆக்கினால் கரண்ட் போகும் நேரத்தில் கடைசி ஒரு செக்கன் அளவான கமிட்டுகள் காணாமல் போகலாம். சம்மாட்டியின் கையில் அச்சடித்த துண்டு இருக்கும், நம்மிடம் வரி இருக்காது. நான் 1லேயே விட்டிருக்கிறேன். நம் ஊர் மின்சாரத்தோடு அந்த வேகத்துக்கு ஆசைப்படக்கூடாது.

இனி ட்ரிகர். அதே வருடம் ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. விலை டேபிளில் புது விலையைப் போட்டார்கள், அடுத்த நாள் கடனுக்கு எண்ணெய் எடுத்திருந்த எல்லோருடைய பாக்கியும் நாலு மடங்களவில் நின்றது. ஒருவர் நேரே வந்து, "தம்பி, நான் எடுக்கேக்க 87 தானே, துண்டு கையில இருக்கு" என்று நீட்டினார். அவர் சொன்னது சரி, திரையில் இருந்ததுதான் பிழை. மென்பொருளின் கோட் முழுக்கத் தேடினோம், பாக்கியைத் திருப்பிக் கணக்கிடும் இடம் எதுவுமே இல்லை. கடைசியில் டேட்டாபேஸிலேயே ட்ரிகர் பட்டியலை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, விலை டேபிளில் மாற்றம் வந்தால் தீராத கடன் வரிகளை எல்லாம் புது விலையில் பெருக்கிவிடும் ஒரு ட்ரிகர் அங்கே இருந்தது. விலையைத் தவறாகத் தட்டினால் திருத்த வசதியாக இருக்கட்டும் என்று எப்போதோ யாரோ வைத்திருக்கவேண்டும். முந்திய இரவின் பேக்கப்பிலிருந்து பழைய தொகைகளை எடுத்துப் போட்டோம், கடன் எடுக்கும் நேரத்து விலையை அந்தக் கடன் வரியிலேயே எழுதி வைக்கும்படி மாற்றினோம், ட்ரிகரைத் தூக்கினோம்.

இதில் கவனிக்கவேண்டியது, ட்ரான்சாக்ஷன் அங்கே தன் வேலையைக் குறையில்லாமல் செய்தது. ட்ரிகர் ஓடுவது அதைக் கிளப்பிய கட்டளையின் ட்ரான்சாக்ஷனுக்குள்ளேதான், ஆகவே விலை மாற்றமும் அத்தனை பாக்கி மாற்றமும் ஒன்றாக, முழுதாக, ஒழுங்காகக் கமிட் ஆயின. பிழையான கணக்கும் முழுமையாகத்தான் ஏறும். ஒரு விலையை மாற்றும் ஆளுக்குத் தன் ஒரு வரிக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வரிகள் நகர்வது தெரியவே தெரியாது, ட்ரிகரில் எனக்குப் பயம் அங்கேதான்.

கையிருப்பைக் கூட்டிக் கழிக்கும் ட்ரிகர்களும் இருந்தன. அவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டேன், ஏனென்றால் மைஎஸ்க்யூஎலில் ட்ரிகர் ஓடாமல் வரி மாறும் வழிகள் இருக்கின்றன. பிழையான துண்டு ஒன்றை நீக்குகிறீர்கள் என்று வையுங்கள். துண்டின் தலைப்பு வரி போகிறது, ஃபாரின் கீ கேஸ்கேட் (தலைப்பு வரி போனால் அதைச் சேர்ந்த வரிகளும் தானாக நீங்கும் ஏற்பாடு) வழியாக அதன் கீழிருந்த பாரை, சூரை, அறுக்குளா வரிகளும் போகின்றன. ஆனால் கேஸ்கேட்டால் நீங்கும் வரிகளுக்கு, வரி நீக்கும்போது ஓடவேண்டிய டிலீட் ட்ரிகர் ஓடாது. மீன் வரி இல்லை, கையிருப்பில் மீன் இருக்கிறது! டிரங்கேட் செய்தாலும், அதாவது டேபிளை ஒரேயடியாகக் காலியாக்கினாலும் அப்படித்தான், ஓடாது. ரீப்ளேஸ் கட்டளையோ எதிர்ப்பக்கம், ஏற்கனவே வரி இருந்தால் அதை நீக்கிப் புதிதாகப் போடுவதால் டிலீட் ட்ரிகரும் இன்சர்ட் ட்ரிகரும் இரண்டும் ஓடும். இதை எல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கூட்டிக் கழிக்கும் கணக்கு எழுதுவதைவிட, ஐந்து கட்டளைகளையும் ஒரே இடத்தில், ஒரே ட்ரான்சாக்ஷனுக்குள், வாசிக்கிறவன் கண்ணுக்குத் தெரிய எழுதுவது ஆயிரம் மடங்கு மேல். போஸ்ட்கிரெஸில் கேஸ்கேட்டுக்கும் ட்ரிகர் ஓடும், டிரங்கேட்டுக்குத் தனி ட்ரிகர் வைக்கலாம், ஆனாலும் என் கருத்து மாறவில்லை.

அப்போ ட்ரிகரே வேண்டாமா? வேண்டும், வரலாறு எழுத. விலை டேபிள், முற்பண டேபிள், சம்மாட்டி விபர டேபிள் மூன்றிலும் மாற்றம் வந்தால் பழைய மதிப்பு, புது மதிப்பு, நேரம், மாற்றியவர் எல்லாவற்றையும் வேறொரு டேபிளில் எழுதும் ட்ரிகர் வைத்திருக்கிறேன். மென்பொருள் வழியாக மட்டும் மாற்றம் வரும் என்றால் இது தேவையில்லை. நடைமுறையில் ஒருவர் எக்செல்லிலிருந்து இறக்குவார், இன்னொருவர் பிஎச்பிமைஅட்மின் என்ற கருவியால் டேட்டாபேஸுக்குள் நேரே போய்த் திருத்துவார், எல்லா வாசலிலும் நிற்கக்கூடியது ட்ரிகர் ஒன்றுதான். விலையில் தகராறு வந்தால் இன்றைக்கு நான் செய்வது அந்த டேபிளைத் திறந்து காட்டுவது மட்டும்தான், இரண்டு பக்கமும் சமாதானமாகப் போய்விடுகிறார்கள்.

மாற்றியவர் பெயர் மட்டும் கொஞ்சம் சிக்கல். மென்பொருள் ஒரே டேட்டாபேஸ் பயனராக உள்ளே போவதால் ட்ரிகருக்கு எல்லோரும் ஒரே ஆள்தான். அதற்கு ஒவ்வொரு ட்ரான்சாக்ஷன் தொடக்கத்திலும் உள்நுழைந்தவரின் இலக்கத்தை செஷன் மாறியில் (அந்த இணைப்பு இருக்கும்வரை நிற்கும் மதிப்பில்) வைக்கவேண்டும். இணைப்புகளைப் பொதுவில் பகிர்ந்து பாவித்தால் முந்தியவரின் இலக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும் ஆபத்து உண்டு, போஸ்ட்கிரெஸில் செட் லோக்கல் கட்டளையால் வைத்தால் ட்ரான்சாக்ஷன் முடிந்ததும் அது தானாகப் போய்விடும். இன்னொன்று, ரோல்பேக் ஆனால் வரலாற்று வரியும் சேர்ந்து அழியும். தோற்றுப்போன முயற்சிகளையும் பார்க்கவேண்டும் என்றால் அதை ட்ரிகரால் செய்ய முடியாது.

காவலுக்கும் ட்ரிகர் உதவும். கையிருப்பு பூச்சியத்துக்குக் கீழே போகக்கூடாது என்பதற்கு முன்பு ட்ரிகருக்குள் சிக்னல் (பிழை கிளப்பும் கட்டளை) போட்டுத் தடுத்தோம், மைஎஸ்க்யூஎல் 8.0.16இலிருந்து டேபிளிலேயே எழுதும் செக் நிபந்தனையே போதும். அதற்கு முந்திய பதிப்புகள் செக் எழுதினால் வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்டுவிடும். நாள் கணக்கு மூடிய பிறகு அந்தத் திகதித் துண்டைத் தொடக்கூடாது என்பது மாதிரி இன்னொரு டேபிளைப் பார்க்கவேண்டிய தடைக்கு மட்டும் இப்போதும் ட்ரிகர்தான்.

ட்ரான்சாக்ஷனில் உண்மையான தலையிடி பூட்டு, அதாவது ஒருவர் மாற்றிய வரியை அவர் முடிக்கும்வரை இன்னொருவர் மாற்ற முடியாது. முதல் வடிவத்தில் துண்டுத் திரையைத் திறந்ததும் ட்ரான்சாக்ஷன் தொடங்கும், சேமித்தால்தான் முடியும். இடையில் விலை பேசுவார்கள், தேத்தண்ணி வரும், போன் வரும். அதே பாரை வரிக்காக மற்றத் தராசு காத்துக்கொண்டு நிற்கும். இன்னோடிபி இயல்பாக 50 செக்கன் காத்துவிட்டு 1205 என்ற பிழையைத் தரும். இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்தப் பிழையில் ரோல்பேக் ஆவது அந்த ஒரு கட்டளை மட்டும்தான், ட்ரான்சாக்ஷன் திறந்தபடியே இருக்கும். கோட் அந்தப் பிழையைப் பிடித்து விழுங்கிவிட்டுத் தொடர்ந்து கமிட் சொன்னால், கையிருப்பு ஏறாமல் மற்ற நாலும் ஏறிவிடும். மைஐசாமில் பட்ட அதே பாடு, இப்போது இன்னோடிபியிலேயே. டெட்லாக்கின் (இரண்டு ட்ரான்சாக்ஷன் ஒன்றின் பூட்டுக்கு மற்றது காத்து நிற்பது) 1213 பிழை அப்படியில்லை, அது முழு ட்ரான்சாக்ஷனையும் ரோல்பேக் செய்துவிடும், திரும்ப முதலிலிருந்து ஓட்டினால் சரி. நான் எந்தப் பிழை வந்தாலும் வெளிப்படையாக ரோல்பேக் சொல்லிவிட்டுத்தான் அடுத்த வேலை பார்க்கிறேன்.

மனுசர் பேசும் நேரம் எதுவும் ட்ரான்சாக்ஷனுக்குள் இருக்கக்கூடாது. எல்லாம் பேசி முடித்து, சேமி என்று அழுத்தினால் தொடங்கி, ஐந்தையும் எழுதி, உடனே கமிட். மீன் வகைகளை எப்போதும் இலக்க ஒழுங்கிலேயே புதுப்பித்தால் இரண்டு தராசும் ஒன்றையொன்று மறித்துக்கொள்வது நன்றாகக் குறையும். சம்மாட்டிக்குப் போகும் குறுஞ்செய்தியையும் வெளியே எடுத்துவிட்டோம். செய்தி போனபிறகு ரோல்பேக் ஆனால் போனதைத் திரும்ப எடுக்க முடியாது. ஆகவே அனுப்பவேண்டியவை என்று ஒரு டேபிளில் அதே ட்ரான்சாக்ஷனில் ஒரு வரி, கமிட் ஆனபிறகு வேறொரு சிறு நிரல் அதை எடுத்து அனுப்பும்.

பில் இலக்கம் பற்றியும் சொல்லவேண்டும். ரோல்பேக் ஆனாலும் தானாகக் கூடும் ஓட்டோ இன்கிரிமென்ட் இலக்கம் திரும்பாது, போஸ்ட்கிரெஸில் அந்த வேலையைச் செய்யும் சீக்வென்ஸும் அப்படியே. கணக்குப் பார்க்க வருபவர்கள் இடையில் விடுபட்ட பில் எங்கே என்று கேட்பார்கள். தொடராக வேண்டும் என்றால் கடைசி இலக்கத்தை ஒரு டேபிளில் வைத்து, அதே ட்ரான்சாக்ஷனில் பூட்டிக் கூட்டவேண்டும். வரிசையில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போகும், எங்கள் அளவுக்கு அது போதும்.

போஸ்ட்கிரெஸில் எனக்கு மிகப் பிடித்தது, டேபிள் அமைப்பை மாற்றும் கட்டளைகளையும் ட்ரான்சாக்ஷனுக்குள் வைத்துப் பிடிக்காவிட்டால் திருப்பிவிடலாம் என்பது. மைஎஸ்க்யூஎலில் அப்படி ஒரு கட்டளை கொடுத்தாலே அதுவரை திறந்திருந்தது தானாகக் கமிட் ஆகிவிடும். அதனால் அந்தப் பக்கம் பெரிய மாற்றங்களை வாடைக் காலத்துக்கு ஒதுக்கிவைப்பேன், கடல் கொந்தளித்துப் படகு குறையும் மாதங்களில் தராசை நிறுத்தினாலும் யாருக்கும் நட்டமில்லை. போஸ்ட்கிரெஸில் பிழை வந்த ட்ரான்சாக்ஷன் ரோல்பேக் சொல்லும்வரை வேறு எதையும் ஏற்காது, மேலே சொன்ன 1205 கதை அங்கே நடக்காது. ட்ரிகருக்கு ஃபங்ஷனைத் தனியாக எழுதவேண்டும், ஒரே நிகழ்வுக்குப் பல ட்ரிகர் இருந்தால் பெயரின் அகரவரிசையில் ஓடும், பெயருக்கு முன் இலக்கம் போட்டுப் பழகிவிட்டால் அதுவும் சுகம்தான்.

கடைசியாக பேக்கப். பேக்கப் எடுக்கும் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப் ட்ரிகர்களை இயல்பாகவே சேர்த்து எடுக்கும், ஸ்டோர்ட் புரொசீஜர்களை (டேட்டாபேஸுக்குள் சேமித்து வைத்த நிரல்களை) நீங்கள் கேட்டால்தான் எடுக்கும். ட்ரிகர் அதை உருவாக்கிய பயனரின் உரிமையில் ஓடுவதால், புது இயந்திரத்தில் அந்தப் பயனர் இல்லாவிட்டால் மீட்டெடுப்பது பிரச்சினையில்லாமல் முடிந்ததுபோல இருக்கும், முதல் துண்டை எழுதும்போதுதான் 1449 பிழை வந்து நிற்கும். பேக்கப்பை வேறொரு இயந்திரத்தில் ஏற்றிவிட்டு விலை ஒன்றை மாற்றிப் பாருங்கள், வரலாற்று டேபிளில் வரி விழுந்தால்தான் அந்தப் பேக்கப் உங்களுக்கு உதவும்.