மேரி லாய்ட், வெஸ்டா டில்லி: இரண்டு மெட்டில்டாக்கள்

பாட்டும் நகைச்சுவையுமாகக் களைகட்டிய கேளிக்கை அரங்குகளான இங்கிலாந்தின் மியூசிக் ஹால் மேடைகளை ஆண்ட இந்த இருவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் மெட்டில்டா ஆலிஸ். ஒற்றுமை கிட்டத்தட்ட அதோடு சரி.

1864-இல் வூஸ்டரில் பிறந்த டில்லி, சிறுமியாக இருந்தபோதே மேடையேறியவர். ஆண் வேடம்தான் அவரது அடையாளம். கோட்டும் தொப்பியுமாக அவர் நடந்து வரும் மிடுக்கைப் பார்த்து, ஆண்களே அந்த உடையைக் காப்பியடித்தார்கள்.

லண்டன் ஹாக்ஸ்டனில் 1870-இல் பிறந்த லாய்டுக்கு வேடம் தேவைப்படவில்லை. பாட்டு வரிகளில் விரசம் இருக்காது. ஒரு கண்சிமிட்டல், ஓர் இடைநிறுத்தம் போதும், அரங்கம் புரிந்துகொண்டு சிரிக்கும். 1912-இல் அரசர் முன்னால் நடந்த நிகழ்ச்சிக்கு அவரை அழைக்காததற்கு இந்தக் குறும்பே காரணம் என்பார்கள். அழைக்கப்பட்ட டில்லியோ கால்சட்டையில் வந்து நிற்க, ராணி மேரி முகத்தைத் திருப்பிக்கொண்டாராம்!

முதல் உலகப் போரில் டில்லி பாடிப் பாடியே படைக்கு ஆள் சேர்த்தார். லாய்ட் 1907-இலேயே வேறொரு போரில் இறங்கியிருந்தார்: உச்ச சம்பளம் வாங்கியும், சிறு கலைஞர்களுக்காக அரங்கு வாசலில் வேலைநிறுத்தக்காரர்களோடு நின்றார். என் ஓட்டு இவருக்கே.

1920-இல் ஓய்வுபெற்ற டில்லி, 'சர்' பட்டம் பெற்றவரின் மனைவியாக, லேடி டி ஃப்ரீஸாக, 1952 வரை வாழ்ந்தார். 1922-இல் வடக்கு லண்டனின் எட்மன்டன் மேடையில் லாய்ட் தள்ளாடியபோது, அதுவும் நடிப்பென்று கூட்டம் சிரித்தது. சில நாட்களில் இறந்தார், வயது 52. இறுதி ஊர்வலத்தைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள்.