உதகை உறைபனிக்குப் பயிர்ப் போர்வை: தொட்டிச் செடிக்கு வாங்கலாம், புல்வெளிக்கு வேண்டாம்

உதகமண்டலத்தில் உறைபனிக் காலம் தொடங்கும் நவம்பரில், செடிகளுக்கான போர்வை என்று உரக்கடைகளிலும் இணையக் கடைகளிலும் விற்கப்படும் வெள்ளைத் துணிச் சுருளை வாங்கலாமா, வாங்கினால் எந்தக் கனத்தில் வாங்குவது, அது எதைக் காப்பாற்றும், எதைக் கைவிடும் என்பதைப் பற்றியதே இந்த மதிப்புரை. கடைக்காரர்கள் இதைக் 'குரோப் கவர்' என்பார்கள். பாலிபுரொப்பிலீன் இழைகளை நெய்யாமல் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டவைத்துச் செய்த மெல்லிய துணி இது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை செய்யப்பட்டிருக்கும் நெய்யாத் துணிப் பைகளும் இதே மூலப்பொருளால் ஆனவைதான் என்பதை வாங்குபவர் தெரிந்துகொள்வது நல்லது. அந்தப் பைகளைவிட இது மெல்லியது. வெயிலில் சீக்கிரம் பொடியாகாமலிருக்கப் புற ஊதாக் கதிரைத் தாங்கும் சேர்மானம் கலந்தது.

கனத்தை ஜிஎஸ்எம் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் எடை என்பதே அதன் பொருள். கடையில் பெயர் சொல்லிக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துத் தருவது 17 ஜிஎஸ்எம். அது சமவெளிக்காரர்களுக்காக வந்த சரக்கு. தர்ப்பூசணி, முலாம்பழம், மிளகாய் வயல்களில் கம்பி வளைவுகளின்மேல் இதை விரித்து, வெள்ளை ஈயும் அசுவினியும் இளம் பயிருக்கு நச்சுயிரி நோயைக் கொண்டுவராமல் தடுப்பார்கள். பூச்சியைத் தடுக்க அந்தக் கனம் போதும். உறைபனியைத் தடுக்கப் போதாது. அதன் அடியில் வெளியைவிட ஒன்றிரண்டு டிகிரி வெப்பம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். 30 ஜிஎஸ்எம் துணியில் இந்த வேறுபாடு மூன்று டிகிரி வரை போகிறது. பொட்டலத்தில் 'கடும் பனியிலிருந்து முழுப் பாதுகாப்பு' என்று அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டுக் கனத்தைக் கேட்காமல் வாங்குபவர்களுக்கு ஜனவரியில்தான் விவரம் புரியும். 17 ஜிஎஸ்எம் ஏற்கெனவே கையில் இருந்தால், இரண்டு மடிப்பாகப் போட்டு ஈடுகட்டலாம்.

அந்த மூன்று டிகிரி ஏன் பெரிய விஷயம் என்பதற்கு உதகையின் உறைபனி எப்படி விழுகிறது என்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும். நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகமும் காற்றும் இல்லாத இரவுகள் தொடங்கியதும், பகலில் மண் வாங்கி வைத்த வெப்பம் தடையின்றி வானத்துக்குப் போய்விடுகிறது. தரையை ஒட்டிய காற்றே முதலில் குளிர்கிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவுகளில் இறங்கிப் பள்ளங்களில் தேங்குகிறது. ஆளுயரத்தில் தொங்கும் வெப்பமானி மூன்று அல்லது நான்கு டிகிரி காட்டும் அதே வேளையில் புல் நுனியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டிருக்கும். தலைக்குந்தாவிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் காந்தலிலும் வெள்ளை விரித்தாற்போல் பனி கிடக்க, சற்று மேலே சரிவில் உள்ள தோட்டத்தில் ஒன்றுமில்லாமல் இருப்பது இதனால்தான். ஆகவே போர்வை வெப்பத்தை உண்டாக்குவதில்லை. மண்ணிலிருந்து எழும் வெப்பம் வானத்துக்குப் போவதைத் தாமதப்படுத்துகிறது. இதைப் புரிந்துகொண்டால் எப்படிப் போர்த்துவது என்பதும் தானே விளங்கும்.

துணி தரையைத் தொட வேண்டும், செடியைத் தொடக் கூடாது. ரோஜாவையோ ஹைட்ராஞ்சியாவையோ தலையில் முக்காடு போட்டாற்போல் மூடித் தண்டில் கயிற்றால் கட்டிவிடுவதை இங்கே பல வீடுகளில் பார்க்கலாம். அந்தக் கட்டு மண்ணின் வெப்பத்தை உள்ளே வரவிடாமல் செய்துவிடுகிறது. துணி தொட்ட இலைகள் துணியோடு சேர்ந்து உறைந்து, காலையில் கருகிப் போகின்றன. மூங்கில் சிம்புகளையோ கம்பியையோ வளைத்து ஊன்றி, அவற்றின்மேல் துணியை விரித்து, ஓரங்களை மண்ணாலும் கல்லாலும் அழுத்திவிட வேண்டும். சூரியன் மறைவதற்கு முன்பே, மண்ணில் வெப்பம் இருக்கும்போதே போர்த்திவிடுவது நல்லது. அன்று பகலில் மண்ணுக்குத் தண்ணீர் விட்டிருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் ஈர மண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பத்தைப் பிடித்து வைத்திருந்து இரவில் மெல்ல விடுகிறது.

இப்படிப் போர்த்தியபோது 30 ஜிஎஸ்எம் துணி என் எதிர்பார்ப்புக்கு மேலாகவே வேலை செய்தது. பூக்கடைகளில் பியூசியா என்று விற்கும் தொங்குபூச் செடி, பிகோனியா, காசித்தும்பை போன்ற நீர்ப்பற்று மிகுந்த செடிகள் முதல் உறைபனியிலேயே வெந்நீர் ஊற்றியதுபோல் துவண்டு கறுத்துவிடும். துணியின் அடியில் அவை தளிரோடு தப்பின. ஜெரேனியத்துக்கும் நல்ல பயன் உண்டு. டேலியாவுக்கு இதைச் செலவிடுவது வீண். மேலே உள்ள தழை கருகினாலும் மண்ணுக்குள் கிழங்கு பத்திரமாக இருக்கும். பான்சிக்கும் கமேலியாவுக்கும் போர்வையே தேவையில்லை, அவை இந்தக் குளிரைத் தாங்கும் இனங்கள். சதைப்பற்றுச் செடிகளை எந்தத் துணியை நம்பியும் வெளியே விடாதீர்கள்; தொட்டியோடு தூக்கி வராந்தாவுக்குள் வைத்துவிடுவதே மலிவான வழி.

குறைகளும் சில உண்டு. முதலாவது, ரோஜா முள்ளில் பட்டால் துணி கிழிகிறது, கிழிந்த இடம் அடுத்த காற்றில் முழ நீளத்துக்கு விரிகிறது. இரண்டாவது, பனியில் நனைந்த துணி விடியற்காலையில் அப்பளம்போல் விறைத்துக்கொள்வதால், உருகும்முன் இழுத்தால் அதுவும் கிழியும், அடியில் உள்ள கிளையும் ஒடியும். மூன்றாவதுதான் முக்கியமானது. துணி வெளிச்சத்தை விடுகிறது என்பதால் பகலிலும் அப்படியே கிடக்கட்டும் என்று விடத் தோன்றும். விற்பவர்களும் அதையே சொல்கிறார்கள். உதகையின் குளிர்காலப் பகல் வெயில் சுள்ளென்று அடிப்பது. மூடிய துணிக்குள் வெப்பமும் ஈரமும் சேர்ந்து சாம்பல் பூஞ்சை பிடிப்பதோடு, மண்ணுக்கு நேரடியாகச் சேர வேண்டிய வெப்பத்திலும் ஒரு பங்கு குறைகிறது. காலையில் பனி உருகியதும் எடுத்துவிட்டு மாலையில் மீண்டும் போர்த்த வேண்டும். தினமும் இருமுறை இந்த வேலைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு, வார விடுமுறைக்கு மட்டும் வரும் பங்களாக்காரர்களுக்கு, இது சரிப்பட்டு வராது. (காட்டெருமை தோட்டத்துக்குள் வருவதை இந்தத் துணி தடுக்குமா என்று கேட்பவர்களும் உண்டு. தடுக்காது.)

இனிப் புல்வெளிக்கு வருவோம். இந்தத் துணியைப் புல்வெளிக்கும் ஏற்றது என்று சொல்லி விற்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 200 சதுர மீட்டர் புல்வெளிக்கு 30 ஜிஎஸ்எம் துணி ஆறு கிலோ வேண்டும். அதைத் தினமும் விரித்துச் சுருட்டுவது ஒருபுறம் இருக்க, வளைவுகள் ஊன்றாமல் புல்லின்மேல் நேரே படுக்கும் துணி புல்லோடு சேர்ந்து உறையத்தான் செய்யும். மேலும் இங்குள்ள புல்வெளிகளில் பெரும்பாலும் காணப்படும் கிகுயூ புல் கிழக்கு ஆப்பிரிக்க மலைப்பகுதியைச் சேர்ந்தது. உறைபனியில் அதன் இலை பழுப்பாகிக் காய்ந்தாலும், தரையோடும் தரைக்கடியிலும் ஓடும் தண்டுகள் பிழைத்திருந்து, கோடை மழை விழுந்ததும் மீண்டும் துளிர்க்கும். பழுப்பைக் கண்டு பதறி உரம் போடுவதுதான் கேடு. அக்டோபருக்குப் பின் தழைச்சத்து உரம் கொடுத்தால் இளந்தளிர் கிளம்பி, அதுவே முதலில் கருகும். நவம்பரில் புல்லை ஒட்ட வெட்டாமல் இரண்டு அங்குலம் விட்டுவைப்பதும், பனி படிந்திருக்கும்போது யாரையும் அதன்மேல் நடக்க விடாமலிருப்பதும் துணியைவிட அதிகப் பயன் தரும். உறைந்த புல் மிதிபட்டால் உள்ளே உள்ள பனித்துகள்கள் உயிரணுக்களைக் கிழித்துவிடும். காலடி பட்ட இடமெல்லாம் பிறகு வாரக்கணக்கில் கறுப்புத் தடமாகத் தெரியும்.

புல்வெளிக்குச் செலவு செய்தே தீர வேண்டும் என்பவர்கள் தெளிப்பானுக்குச் செய்யலாம். 1848இல் மெக்ஐவர் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்கலைஞர் உருவாக்கத் தொடங்கிய அரசு தாவரவியல் பூங்காவில், வெயில் ஏறுமுன் புல்மைதானங்களுக்குத் தண்ணீர் தெளித்துப் பனிப்படலத்தைக் கரைப்பது குளிர்கால வழக்கம். விடிந்த பிறகு தெளிப்பதில் சிக்கல் இல்லை. நள்ளிரவிலேயே தெளிக்கத் தொடங்குவதானால், பனி உருகும்வரை இடைவிடாமல் தெளிக்க வேண்டும். ஒரு கிராம் தண்ணீர் உறையும்போது 80 கலோரி வெப்பத்தைப் புல்லுக்கு விடுகிறது. அதே ஒரு கிராம் ஆவியாகும்போது 600 கலோரிக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொள்கிறது. பாதியில் மோட்டாரை நிறுத்தினால் தெளிக்காமல் விட்டிருந்ததைவிட அதிகமாகப் புல் குளிர்ந்துபோகும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரியும்.

அதே பூங்காவில் மலர்ப் பாத்திகளையும் அழகுச் செடிகளையும் கோத்தகிரி மிலார் என்று அழைக்கப்படும் செடியின் கிளைகளால் மூடிவைப்பார்கள். பயிர்ப் போர்வைக்கு உண்மையான போட்டி இந்த மிலார்தான். கிளைகளுக்கு இடையே காற்று புழங்குவதால் பூஞ்சைத் தொல்லை குறைவு, செடியோடு சேர்ந்து உறைவதில்லை, காலையும் மாலையும் எடுத்துப் போட வேண்டியதில்லை, பயன்படுத்தி முடித்ததும் மட்கி உரமாகிவிடும். பெரிய தோட்டத்துக்கும் வெட்டிக் கொண்டுவர ஆட்கள் உள்ள இடத்துக்கும் துணியைவிட அதையே நான் பரிந்துரைப்பேன். நகருக்குள் பத்துப் பதினைந்து தொட்டிகள் வைத்திருக்கும் வீட்டுக்காரர் மிலாருக்கு எங்கே போவார் என்ற இடத்தில்தான் துணி வெல்கிறது. தார்ப்பாயும் கண்ணாடித்தாள் போன்ற பாலித்தீன் விரிப்பும் இரண்டுக்கும் கீழேதான். உள்ளே வியர்த்து, அந்த நீர் இலைமேல் சொட்டி உறையும். பழைய சேலையும் சாக்கும் ஓரிரவுக்குப் போதும், நனைந்தால் கனத்து இளஞ்செடியைச் சாய்த்துவிடும்.

விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சுருளாக வாங்கினால் மலிவு. துண்டாக வெட்டி, ஓரம் தைத்துப் பையாக விற்பவை அதற்கு மிக அதிக விலை கேட்கின்றன, அந்தத் தையல்தான் முதலில் பிரிகிறது. மார்ச்சில் அலசி, நிழலில் உலர்த்தி, எலி புகாத டப்பாவில் வைத்தால் மேலும் ஓரிரு குளிர்காலம் வரும். இழை உதிரத் தொடங்கியதைத் தோட்டத்திலேயே விடாமல் குப்பைக்கு அனுப்பிவிட வேண்டும், அந்தத் துகள் மண்ணில் மட்காது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் இருப்பவர்கள், வீடு பள்ளத்தில் அமைந்திருந்தாலொழிய, இதை வாங்க வேண்டிய தேவையே இல்லை. உதகையிலும் சரிவின் நடுவில் வீடு உள்ளவர்கள் ஒரு குளிர்காலம் தரையில் வெப்பமானியை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.