பழுதே இல்லாத ஸ்பீக்கருக்கு அரை மாதச் சம்பளம்

அரை மாதச் சம்பளம். மாற்றாத ஒரு போன் ஸ்பீக்கரை மாற்றியதாகச் சொல்லி என்னிடம் வாங்கிய தொகை அது. விஷயம் நேற்று இரவுதான் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பார்வை அறவே இல்லை. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பான் பேசினால்தான் எனக்கு அது போன். பேசாவிட்டால் கையில் இருப்பது வழவழப்பான ஒரு கண்ணாடித் துண்டு. சென்ற வாரம் ஒரு நாள் காலையில் அதன் குரல் முணுமுணுப்பாகத் தேய்ந்துபோயிருந்தது. காதோடு அழுத்தி வைத்தால் மட்டும் ஏதோ கேட்டது. ஒலிகூட்டும் பொத்தானை அழுத்தினேன், அணைத்துப் போட்டேன், ஸ்பீக்கர் துளைகளை உலர்ந்த பிரஷ்ஷால் துடைத்தேன். குரல் எழும்பவில்லை.

போன் பழுதுபார்க்கும் கடை ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். என் விரலைப் பிடித்து போனின் அடிப்பக்கத் துளைகளின் மேல் வைத்து, "இதற்குள்தான் சார் ஸ்பீக்கர். உள்ளே சவ்வு கிழிந்துவிட்டது, மாற்றியாக வேண்டும்" என்றார். இப்படித் தொட்டுக் காட்டி எனக்கு யாரும் விளக்கியதே இல்லை. எல்லோரும் கூட வந்தவரிடம்தான் பேசுவார்கள். அந்த ஒரு மரியாதையில் விழுந்துவிட்டேன். திரைப்பூட்டு எண்ணைக் கேட்டார். கடையில் நாலு பேர் நிற்கும்போது வாய்விட்டே சொன்னேன். இப்போது நினைத்தால் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இரண்டு மணி நேரம் கழித்துப் போனேன். ஒரு பாட்டைப் போட்டு, "இப்போது எப்படி சார்?" என்றார். கடை அதிர்ந்தது. டாக்பேக்கும் கணீரென்று பேசியது. பழைய ஸ்பீக்கர் எங்கே என்றதற்கு, "குப்பையில் போட்டாயிற்று சார்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

நான்காம் நாள் ஓர் அலுவலகத்தில் காத்திருந்தபோது டாக்பேக் உரக்கப் பேசியது. பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தொந்தரவு என்று ஒலியைக் குறைத்தேன். அவ்வளவுதான், பிறகு ஏற்ற முடியவில்லை. கடைக்குப் போன் செய்தால், "புது ஸ்பீக்கர் பழகச் சில நாள் ஆகும்" என்று பதில். செருப்பா அது, பழகுவதற்கு? அடுத்த முறை முதலாளி ஊரில் இல்லை. அக்காவை அழைத்துக்கொண்டு நேரில் போனேன். அதே ஆள், அதே குரல். இந்த முறை என் பக்கமே திரும்பவில்லை. "மேடம், இவர் எதையாவது அழுத்தியிருப்பார்" என்று அக்காவிடம் சொன்னார். ரசீதில் 'சர்வீஸ்' என்ற ஒரு சொல்லும் தொகையும் மட்டுமே இருப்பதை அக்கா படித்துச் சொன்னபோதுதான் எனக்குச் சுருக்கென்றது.

நேற்று இரவு, என்னைப் போலவே பார்வையற்ற நண்பர் ஒருவரிடம் புலம்பினேன். பாட்டு ஒன்றைப் போடச் சொன்னார். உரக்கக் கேட்டது. அலாரம்? அதுவும் உரக்கத்தான். "அப்புறம் ஸ்பீக்கருக்கு என்ன கேடு? நீளமான செய்தி ஒன்றைத் திறந்து, டாக்பேக் பேசிக்கொண்டிருக்கும்போதே ஒலிகூட்டும் பொத்தானை அழுத்துங்கள்" என்றார். அழுத்தினேன். குரல் ஏறியது. பத்து விநாடி வேலை.

2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் திரைவாசிப்பானின் ஒலிக்குத் தனி அளவு உண்டாம். டாக்பேக் பேசும்போது பொத்தானை அழுத்தினால் அதன் குரல் மாறும். அது பேசி முடித்தபின் அழுத்தினால் பாட்டு, வீடியோவின் ஒலிதான் மாறும். அந்தக் காலையில் நான் அது ஓய்ந்த பிறகே அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். கடைக்காரர் போட்டுக் காட்டிய பாட்டு, போனை அவரிடம் கொடுக்கும் முன்பும் அப்படியேதான் அதிர்ந்திருக்கும். அதை நான் போட்டுப் பார்க்கவே இல்லை.

இன்று காலை தயாரிப்பு நிறுவனத்தின் சேவை மையத்தில் காட்டினேன். தொழிற்சாலையில் ஒட்டிய பசை பிரிக்கப்படவே இல்லை என்றார்கள். அதை எழுதித் தாருங்கள் என்றால், அதற்கு வழியில்லையாம். கடைக்காரர் இப்போது என் அழைப்பை எடுப்பதில்லை. அரை மாதச் சம்பளம்!

எல்லாவற்றையும் படிப்படியாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. குரல் குறைந்தால் முதலில் பாட்டு, அலாரம், அழைப்பு மணி மூன்றையும் கேட்டுப் பாருங்கள். ப்ளூடூத்தை அணையுங்கள், குரல் வேறெங்காவது போய்க்கொண்டிருக்கலாம். அணுகல்தன்மை அமைப்பில் இடம் வலம் ஒலிச் சமநிலை நடுவில் இருக்கிறதா என்று பாருங்கள். ஐபோன்காரர்கள் ரோட்டரில், அதாவது இரண்டு விரல்களைத் திரையில் வைத்துத் திருப்பினால் வரும் தேர்வுகளில், ஒலியளவைத் தேடுங்கள். ஐபோனின் திரைவாசிப்பானான வாய்ஸ்ஓவர் அடியோடு பேசவில்லை என்றால் மூன்று விரல்களால் இருமுறை தட்டிப் பாருங்கள். பூட்டு எண்ணைக் கொடுக்காதீர்கள். பழைய பாகம் கைக்கு வராமல், மாற்றிய பாகத்தின் பெயர் ரசீதில் ஏறாமல் பணத்தை நீட்டாதீர்கள்.

நாளை மறுபடியும் அந்தக் கடைக்குப் போகிறேன். அக்காவை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைக்காரர் என்னிடம்தான் பேசியாக வேண்டும்.