முதுகில் சிவப்புப் பட்டன் வைத்த போன்: அம்மா கையில் எட்டு மாதம்

அம்மாவுக்கு 73 வயது. மும்பை தாராவியில், குடிசைக்குப் பதிலாகக் கட்டிக் கொடுத்த எஸ்.ஆர்.ஏ. கட்டடத்தில் ஐந்தாவது மாடி, 225 சதுர அடி வீடு, தனியாகத்தான் இருக்கிறாள். நான் டோம்பிவிலியில். தீபாவளிக்கு முந்தின வாரம் 90 அடி ரோட்டில் ஒரு கடையில், பெரியவர்களுக்கென்று விற்கிற கீபேடு போன் வாங்கிக் கொடுத்தேன். 2,300 ரூபாய். கம்பெனிப் பெயர் வேண்டாம், நாலைந்து பேர் கிட்டத்தட்ட இதே போனைத்தான் விற்கிறார்கள்.

இதற்கு முன்னால் தம்பி தன்னுடைய பழைய ஸ்மார்ட்போனைக் கொடுத்துப் பார்த்தான். நாற்பது வருஷம் இட்லி அவித்து ஆவியில் காய்த்துப்போன விரல் அம்மாவுக்கு. பச்சையைத் தொட்டால் போன் கண்டுகொள்ளாது, தெரியாமல் உரசினால் யாருக்கோ வீடியோ கால் போகும். "ஏளா, தொட்டா பேச மாட்டேங்கு, தொடாட்டிப் பேசுது" என்று பாத்திர அலமாரியில் ஏற்றிவிட்டாள்.

இந்தப் போனில் அம்மாவுக்கு முதலில் பிடித்தது சார்ஜ் போடுகிற ஸ்டாண்டுதான். பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சொருக வேண்டாம். நிமிர்த்தி வைத்தால் ஒரு 'டிங்', சிவப்பு விளக்கு. சாமி படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள், விளக்கேற்றும்போதே போனையும் வைத்துவிடுகிறாள். எட்டு மாதத்தில் ஒரு நாள்கூட சார்ஜ் இல்லாமல் அணைந்ததில்லை.

எண்ணை அழுத்தினால் இந்தியில் சத்தமாகச் சொல்லும். அது பரவாயில்லை, வியாபாரத்தில் அம்மா இந்திக் கணக்கில் புலி. தமிழ் மெனுவும் இருக்கிறது. அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, எழுத்துத் தெரிந்த எனக்கும் அந்தத் தமிழ் புரியவில்லை. அதனால் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். 2-இல் சிவப்புப் பொட்டு, நீளமாக அழுத்தினால் நான். 3-இல் பச்சை, தம்பி. 5, 9 இரண்டிலும் ஒட்டவில்லை. 2017-இலிருந்து இங்கே விற்கிற கீபேடு போன்களில் அந்த இரண்டில் ஒன்றை நீளமாக அழுத்தினால் அவசர அழைப்பு போக வேண்டும் என்று விதி இருக்கிறது.

கடைக்காரப் பையன் சொல்லாத ஒன்று: இது 2ஜி போன். ஜியோ சிம் 4ஜி, 5ஜியில் மட்டும்தான் ஓடும், இதில் எடுக்காது. அம்மாவிடம் இருந்தது அதுதான். நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்கு போர்ட் பண்ண ஒரு வாரம் அலைந்தேன். ரீசார்ஜுக்குப் போனால் நெட் சேர்ந்த பேக்கைத்தான் தலையில் கட்டப் பார்ப்பார்கள். பேச்சும் மெசேஜும் மட்டும் உள்ள பேக் தரணும் என்று 2024 டிசம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் (டிராய்) உத்தரவு போட்டிருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

இனி அந்தச் சிவப்புப் பட்டன். மூன்று விநாடி அழுத்தினால் சங்கு ஊதும், ஐந்து பேருக்கு மெசேஜ் போகும், யாராவது எடுக்கும்வரை ஒவ்வொருவராகக் கூப்பிடும். கடையில் செய்து காட்டியபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஜனவரியில் ஒரு மத்தியானம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். போன் சாமி படத்துக்குக் கீழே. செம்பால் சுவரைத் தட்டித் தட்டி, அந்தப் பக்கத்து மராட்டி அக்கா காதில் விழுந்து ஆட்கள் வர அரை மணி நேரம். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. குடிசையில் இருந்த காலத்தில் அம்மா இருமினாலே மூன்று வீட்டில் கேட்கும். இப்போது சிமென்ட் சுவர், இரும்புக் கதவு, உள்ளே டிவி.

அதற்கப்புறம் போனை இடுப்புச் சுருக்குப்பையில் போடச் சொன்னேன். போட்டாள், வெற்றிலை டப்பாவோடு. ரேஷன் கடை வரிசையில் டப்பா பட்டனை அழுத்தி, சங்கு ஊதி, முன்னால் நின்றவர்கள் பதறி விலக, அம்மா நேராக கவுன்டருக்குப் போய்விட்டாள். "இன்னொரு தடவ அழுத்தட்டா?" என்று கேட்டாள். பட்டனுக்கு ஒரு மூடி வைத்திருக்கக் கூடாதா? நான் தடித்த துணியில் தனிப் பை தைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டேன். குளிக்கப் போகும்போது குழாய்ப் பக்கத்து ஆணியில் தொங்கும்.

லிஃப்டுக்குள் சிக்னல் கிடையாது. லிஃப்ட் ஓடினால்தானே அந்தக் கவலை. படியில் இருட்டாக இருக்கும், பக்கவாட்டில் தள்ளுகிற டார்ச் நல்ல வெளிச்சம்.

இதே போல் ஒன்று வாங்குகிறவர்கள் ஐந்து நம்பரில் முதலாவதை யோசித்துப் போடுங்கள். மகள் என்று நான் என் நம்பரைத்தான் முதலில் போட்டிருந்தேன். நான் ஸ்லோ லோக்கல் ரயிலில் தொங்கிக்கொண்டு, தாராவிக்குப் பக்கத்து ஸ்டேஷனான சயான் வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும். இப்போது முதலில் மராட்டி அக்கா, அடுத்து கீழே வாட்ச்மேன், மூன்றாவதுதான் நான். அம்மாவுக்கு இதில் வருத்தம் எதுவும் இல்லை, எனக்குத்தான் கொஞ்சம்.

வரிசையை மாற்றுவதுதான் தலைவலி. ஆறு மெனு தாண்டிப் போகணும், நடுவில் தவறினால் மறுபடி ஆரம்பத்திலிருந்து. அதற்காகவே ஐந்துக்கு மூன்றரை. கணபதி பண்டிகைக்கு மராட்டி அக்கா ரத்னகிரி போய்விடுவார், அதற்கு முந்தின ஞாயிறு போய் மாற்றி வைக்கணும்.