முதலாளியைச் சம்மதிக்க வைப்பது எப்படி: கணக்குத் தாளா, ஒரு லைனில் சோதனையா, வகுப்பறையா?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கத்து ஷூ தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர் ஆகிறவர்களில் பலர் தையல் மெஷினில் கைதேர்ந்தவர்கள். நன்றாகத் தைத்ததற்காக ஒரு லைனையே, அதாவது வரிசையாக உட்கார்ந்து தைக்கும் ஒரு குழுவையே, அவர்கள் கையில் கொடுத்துவிடுகிறோம். ஆளைக் கட்டி நடத்த மட்டும் யாரும் கற்றுத் தருவதில்லை. அந்தப் பயிற்சிக்கு முதலாளியின் சம்மதம் வாங்க மூன்று வழிகளை முயன்றிருக்கிறேன்.

முதலாவது கணக்கு. மறுதையல், வேலையை விட்டு நின்றவர்கள், புதியவரைப் பழக்கும் செலவு எல்லாவற்றையும் ஒரே தாளில் போட்டுக் காட்டலாம். முதலாளிக்குப் பிடிபடும் மொழி இது. ஆனால் "பயிற்சி கொடுத்தால் இது குறையும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டால் வாயடைத்துப் போகும். பயிற்சியின் பலனை அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959-இலேயே நான்கு படிகளாகப் பிரித்தார்: பிடித்ததா, கற்றார்களா, நடந்துகொள்ளும் விதம் மாறியதா, நிறுவனத்துக்கு விளைவு என்ன. நாம் முதல் படியின் கருத்துப் படிவங்களோடு போகிறோம். அவர் கேட்பதோ நான்காம் படி.

இரண்டாவது, ஒரே ஒரு லைனில் செய்து காட்டுவது. 1940-இல் அமெரிக்காவில் போர்க்கால உற்பத்திக்காகத் தொடங்கிய 'டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி' திட்டத்தில் வேலை கற்றுக்கொடுக்கும் முறைக்கென்றே ஒரு பாடம் உண்டு. இரண்டு மணி நேரமாக ஐந்து அமர்வுகள், மொத்தம் பத்து மணி நேரம். அதைத்தான் எடுத்துக்கொண்டேன். அதற்கு முன்பெல்லாம் "இப்படித் தை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் சூப்பர்வைசர், குடியாத்தம் பக்கத்திலிருந்து புதிதாக வந்த பெண்ணின் அருகில் உட்கார்ந்தார். தோலின் ஓரத்தைக் கட்டைவிரலால் மடித்து, மெதுவாக ஒருமுறை தைத்துக் காட்டினார். பிறகு அந்தப் பெண்ணையே செய்யச் சொல்லி, ஏன் அப்படி மடிக்க வேண்டும் என்று அவள் வாயாலேயே சொல்ல வைத்தார். சுற்றி வந்த முதலாளி நின்று பார்த்தார். "இதை எங்கே கற்றீர்கள்?" என்று சூப்பர்வைசரிடமே கேட்டார். என் தாள்களால் ஆகாதது அந்த இரண்டு நிமிடத்தில் ஆனது. ஒரு குறை: ஏற்றுமதித் தேதி நெருங்கினால் முதலில் நிற்பது இந்த வகுப்புதான்.

மூன்றாவது, முதலாளியையே வகுப்புக்கு அழைப்பது. குத்துவிளக்கேற்றிவிட்டுக் கிளம்பினால் அது வெறும் விழா. கெட்டுப்போன ஓர் ஆர்டரின் கதையை அவரே சொன்னால் அது பாடம். ஆனால் அவர் எதிரில் சூப்பர்வைசர்கள் மனம் திறக்கமாட்டார்கள்; கடைசி அமர்வுக்கு மட்டும் அழைப்பதே சரி.

பயிற்சிச் செலவை நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியில் எழுதலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சைக் கேட்காதீர்கள். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் செலவை அந்த நிதிக்கான விதிகள் ஏற்பதில்லை.

என் தேர்வு சோதனை லைன்தான். கணக்கையும் அந்த லைனின் பதிவு நோட்டிலிருந்தே எழுதுங்கள். குடும்ப நிறுவனமென்றால் உற்பத்தியைப் பார்க்கும் முதலாளியின் தம்பியிடமோ மகனிடமோ முதலில் பேசுங்கள். லைனை விட்டுக்கொடுக்க வேண்டியவர் அவர்தான். முதலாளியிடம் போவது ஏற்றுமதிக் கன்டெய்னர் கிளம்பிய மறுநாளாக இருக்கட்டும்.